அறுவடை வரிசைக்கு மென்பொருள் போடப் போன மூன்று நாள்

எங்கள் கம்பெனியில் மொத்தம் பன்னிரண்டு பேர். அம்பத்தூரில் ஒரு மாடி. காகிதத்திலிருந்து கணினிக்கு மாற நினைக்கும் சங்கங்கள், பள்ளிக்கூடங்கள், சிறு தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் செய்து, நேரில் போய்ப் பொருத்தி, சொல்லிக்கொடுத்துவிட்டு வருவதுதான் எங்கள் பிழைப்பு. நேரில் போவது பெரும்பாலும் நான். அப்படிப் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, ஒரு செவ்வாய்க்கிழமை, நீடாமங்கலம் பக்கம் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன். போன வருடத்துக் கதை இது. இப்போது ஏன் எழுதுகிறேன் என்பது கடைசியில் தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றுலா போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. பெரிய கோவிலையே நான் இதுவரை பார்த்ததில்லை. தஞ்சாவூர் என்றால் எனக்கு ரயில் மாறும் இடம், அவ்வளவுதான். என்னைப் போல மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, யாரோ ஒருவர் அலுவலகத்தைத் திருத்தப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் படித்தால் போதும்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் காலை ஐந்தே முக்காலுக்குத் தஞ்சாவூர். நிலையத்திலேயே முகம் கழுவிக்கொண்டு பாசஞ்சர் ரயிலைப் பிடியுங்கள். நீடாமங்கலத்துக்கு டிக்கெட் பத்து ரூபாய், ஐம்பது நிமிடம். சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, கோவில்வெண்ணி என்று நின்று நின்று போகும். பேருந்தில் போனால் முப்பத்து நான்கு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தை மாதத்தில் இந்த ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் கைபேசியை உள்ளே வைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சம்பா முற்றி, பனியில் நனைந்து, தலை சாய்த்து நிற்கும். நான் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவள். நெல் இவ்வளவு தூரம் இடைவெளி இல்லாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நீடாமங்கலத்தில் இறங்கியதும் உங்களை வரவேற்பது ரயில்வே கேட். மூடினால் மூடியதுதான். நான் ஏறிய ஆட்டோ இருபத்தைந்து நிமிடம் நின்றது. எதற்காக வந்திருக்கிறேன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட ஆட்டோக்காரர், “இந்த கேட்டுக்கு ஒரு சாப்ட்வேர் போட்டுக் குடுத்துட்டுப் போங்க மேடம், ஊரே ஒங்களக் கும்புடும்” என்றார். கேட்டுக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று போகப் போகப் புரியும்.

அங்கே ஒரு விவசாயிகள் சங்கம். நான்கு அறுவடை வண்டிகளை வைத்து, உறுப்பினர்களின் வயலுக்கு முறை போட்டு அனுப்புகிறது. அரிவாள் பிடித்த கைகளெல்லாம் திருப்பூருக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டன. இப்போது வண்டி வந்தால்தான் அறுப்பு. ஆகவே, யார் வயலுக்கு வண்டி முதலில் போகும் என்பதுதான் தை மாதத்தில் அந்த ஊரின் பெரிய கேள்வி. அதற்கு இத்தனை வருடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் காதர் பாய். வயது நாற்பத்தாறு. சவுதியில் தம்மாமில் பன்னிரண்டு வருடம் ட்ரெய்லர் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். வண்டி, டிரைவர், டீசல், வரிசை எல்லாம் அவர் பொறுப்பு. இந்த வேலையைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அவரேதான். இப்படி ஒருவரை நான் பார்த்ததே இல்லை. போகிற இடங்களிலெல்லாம் வேலை போய்விடுமோ என்று பயந்து எங்களை முறைப்பார்கள். இவர் தன் வேலையைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்லி எங்களுக்கு ஐந்து முறை போன் செய்திருந்தார்.

எங்கள் தவறு அங்கேதான் ஆரம்பித்தது. தேவைகளைக் கேட்டு எழுதிக்கொள்ள யாரும் நேரில் போகவில்லை. ஒரு படிவம் அனுப்பினோம். ‘வரிசை எதன்படி?’ என்ற கேள்விக்கு நான்கு விடை கொடுத்திருந்தோம். பாய் ‘முதலில் பதிந்தவருக்கு முதலில்’ என்பதில் டிக் அடித்து அனுப்பினார். படிவம் தயாரித்தவள் நான். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குக் கைபேசிப் பதிவு திறந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர் பதிந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பட்டியல் அச்சாகி சங்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. முதல் எண்ணைப் பிடித்தவர் ஷார்ஜாவில் இருந்தார். அங்கே அப்போது விடியற்காலை நாலரை. அலாரம் வைத்து எழுந்து பதிந்ததாக, ஊரில் வயலைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய அண்ணன் சேகர் பெருமையாகச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. படம்கூட எடுத்துக்கொண்டேன்.

பனி காய்ந்தால்தான் வண்டியை வயலில் இறக்குவார்கள். பத்தரைக்கு முதல் வண்டி கிளம்பியது. பின்னாலேயே ஊர். நானும் பாயின் ஸ்கூட்டரில் போனேன். ஒன்றரை கிலோமீட்டர் போனதும் வண்டி ரோட்டோரம் நின்றது. டிரைவர் ஆத்தூர்க்காரர். எஞ்சினை அணைத்துவிட்டு, “எப்படிங்க போறது?” என்று கேட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். ரோட்டை ஒட்டி ஒரு வயல். அதற்குப் பின்னால் ஒரு வயல். அதற்கும் பின்னால் இருந்தது சேகரின் வயல். நடுவில் பாதை கிடையாது, ஒரு ஆள் நடக்கிற வரப்புதான். டெல்டாவில் முக்கால்வாசி வயல்கள் இப்படித்தானாம். ரோட்டு வயலை அறுத்தால்தான் அடுத்த வயலுக்கு வழி. அதை அறுத்தால்தான் அதற்கடுத்ததற்கு. அறுவடை எப்போதுமே இப்படி வெளியிலிருந்து உள்ளே போகிற வேலை. அங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும், அதனாலேயே யாரும் சொல்லவில்லை. படிவத்திலும் நான் கேட்கவில்லை.

இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. உள் வயல்காரர்கள் காலங்காலமாகக் கடைசியில் அறுப்பவர்கள். கம்ப்யூட்டர் வந்தால் நாமும் முதலில் அறுக்கலாம் என்று ஆசைப்பட்டு, அவர்கள்தான் ஆறு மணிக்கு முண்டியடித்துப் பதிந்திருக்கிறார்கள். ரோட்டு வயல்காரர்கள் நம்மைத் தாண்டி எவன் போய்விடுவான் என்று பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி எழுந்து, நிதானமாக இரண்டு நாள் கழித்துப் பதிந்திருக்கிறார்கள். ஆக, பட்டியல் அச்சு அசலாகத் தலைகீழ். நான்கு வண்டிகளும் நான்கு இடத்தில் ரோட்டோரம் நின்றன.

எங்கள் முன்னால் இருந்த ரோட்டு வயல் மலர்க்கொடி என்பவருடையது. ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குத்தகை. பட்டியலில் நாற்பத்தோராம் எண். நெல் நன்றாக முற்றி, ஒரு மூலையில் சாயவும் தொடங்கியிருந்தது. வியாழக்கிழமை மழை என்று எல்லோர் கைபேசிக்கும் தகவல் வந்திருந்தது. சாய்ந்த கதிர் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தால் அப்படியே முளைத்துவிடும்.

“இந்த வயல முதல்ல அறுத்துட்டா முடிஞ்சுது. பாய், சொல்லுங்க” என்றேன். வெகு சுலபமான விஷயம் என்று எனக்குப் பட்டது.

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் கை வைக்க மாட்டேங்க மேடம். கம்ப்யூட்டர் என்ன சொல்லுதோ அதான்” என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அதே பதில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூடுகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் இப்படிப் பிடிவாதம் பிடிப்பாரா என்று, வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் தள்ளிப் போய் ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டார்.

வரப்பில் மலர்க்கொடி நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். மேலே ஒரு ஆண் சட்டை, தலையில் துண்டு. நான் அவரிடம் போனேன். “அக்கா, நீங்களாவது பாய்கிட்ட கேளுங்களேன்.”

வெளியூர்க்காரிதானே என்று நினைத்திருக்க வேண்டும், ஒளிக்காமல் சொன்னார். “போன வருஷம் பாய் எனக்குத்தாம்மா மொத வண்டி விட்டாரு. ரோட்டு வயலு, வேற எங்க விடுவாரு? அதுக்கு என்னென்ன பேசுனாங்க தெரியுமா? எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல கட்டட வேலையில இருக்காரு. பாய்க்கும் எனக்கும் ஏதோ இருக்குன்னு அவரு காது வரைக்கும் கொண்டுபோய்ட்டாங்க. நாலு மாசம் அவரு போன்ல என்கிட்ட ஒரு வார்த்த சரியா பேசல. பாய் வீட்டுலயும் அந்தக்கா அழுதுச்சாம். அதான் இந்த வருஷம் வேணுமின்னே மூணு நாள் கழிச்சுப் பதிஞ்சேன்.”

“நெல்லு போயிடுமே அக்கா.”

“போயிடும்தான். மூணு ஏக்கரும்மா, வயிறு எரியுது. ஆனா திரும்ப ஒரு நாலு மாசம் அவரு பேசாம இருந்தா நான் என்ன பண்ணுவேன் சொல்லு.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. பாய் எங்களுக்கு ஏன் ஐந்து முறை போன் செய்தார், படிவத்தில் ஏன் அந்த ஒரு விடைக்கு டிக் அடித்தார், இப்போது ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதெல்லாம். யார் வயலும் தன் கையால் முதலில் வரக்கூடாது என்பதற்காகத்தான் அவருக்குக் கணினி வேண்டியிருந்தது. இன்றைக்கு அவர் வாயால் ‘மலர்க்கொடி வயலை முதலில் அறு’ என்றால், போன வருடம் பேசியதெல்லாம் உண்மை என்று ஊர் முடிவு கட்டிவிடும். அவரிடம் நான் கத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

அம்பத்தூருக்குப் போன் போட்டேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வாடிக்கையாளர் கேட்டதத்தான குடுத்திருக்கோம். மாத்தணும்னா மாற்றக் கோரிக்கையில கையெழுத்து வாங்கி அனுப்பு, பத்து வேலை நாள்ல பண்ணிடலாம்” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. மழை வர இரண்டு நாள்தான் இருந்தது, அவ்வளவே.

மணி ஒன்றே முக்கால். ரோட்டில் நாற்பது பேர் போல நின்றிருந்தார்கள். ஒருவருக்கொருவர் ஏற்கெனவே குரல் உயர்த்தத் தொடங்கியிருந்தார்கள். நான் ஆத்தூர்க்காரரின் வண்டிப் படியில் ஏறி நின்றுகொண்டேன். மேடைப் பேச்சு எனக்கு வராது.

“பட்டியல் தப்புங்க. பாய் மேல தப்பு இல்ல, எங்க கம்பெனி மேல தப்பு. வயல் எங்க இருக்குன்னு பாக்காமலே வரிசை போட்டுட்டேன். அந்தப் பட்டியல இப்பவே நிறுத்துறேன். நான் சொல்றேன், மொதல்ல இந்த ரோட்டு வயல்.”

சேகர் முன்னால் வந்தார். “அதெப்படி மேடம்? எங்களுக்கு ஒண்ணாம் நம்பர் ஒங்க கம்ப்யூட்டர்தான குடுத்துச்சு?”

“குடுத்தது தப்புங்க. இது அறுத்தாத்தான் ஒங்களுக்கு வழி. இல்லன்னா ஒண்ணாம் நம்பர கையில வச்சுக்கிட்டு நாமெல்லாம் இங்கயே நிக்கணும்.”

அப்புறம் பத்து நிமிடம் எனக்குக் கிடைத்ததை எழுதினால் பதிவு நீளும். ஏசியில் உட்கார்ந்துகொண்டு நெல்லைப் பற்றி என்ன தெரியும் என்றார் ஒருவர். இவளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றார் இன்னொருவர். எங்கள் அலுவலகத்தில் ஏசி கிடையாது, ஆனால் அதைச் சொல்கிற நேரம் அதுவல்ல. நின்று வாங்கிக்கொண்டேன். திட்டத் திட்ட அவர்கள் குரல் தணிவது எனக்கே தெரிந்தது. சேகர் கடைசியில், “எழுதிக் குடுங்க” என்றார். கம்பெனித் தாளில், பட்டியல் பிழையானது, பொறுப்பு எங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்காக எங்கள் முதலாளி ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு மணிக்கு வண்டி மலர்க்கொடியின் வயலில் இறங்கியது. ஐந்தரைக்கு முடிந்தது. அவர் யாரையும் பார்க்காமல் குவிந்த நெல்லுக்குத் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்று வண்டிகளும் நின்ற இடத்தில் இருந்த ரோட்டு வயல்களிலேயே இறங்கின. ஒரு பேச்சு எழவில்லை. திட்ட வேண்டியதை எல்லாம் என்னிடம் திட்டி முடித்திருந்தார்கள்.

சாயங்காலம் சங்கத்தில் பாய் ஒரு டம்ளர் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் மத்தியானம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அத விடுங்க மேடம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு வருஷமா ஏச்சும் பேச்சும் எனக்கு விழுந்துக்கிட்டிருந்தது. பத்து நிமிஷத்துல நீங்க மொத்தத்தையும் வாங்கிட்டீங்க” என்றார். டீயைக் குடித்தேன்.

அன்று மாலையும் புதன்கிழமை விடிந்ததிலிருந்தும் ஒரே வேலைதான். பதிவில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்தேன். ‘எந்த வயல் அறுத்தால் உங்களுக்கு வழி?’ நூற்றுப் பன்னிரண்டு வயலுக்கும் பாய் பதில் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். வரைபடம் எதுவும் அவர் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வாய்க்காலாக நடந்தார். காலை ஒன்பதரைக்குப் புதிய பட்டியலை ஒட்டினோம். பாயின் போன வருடத்து நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழெட்டு இடம் தவிர அதே வரிசை. இதை வெளியே போய் எல்லோருக்கும் காட்டுகிறேன் என்று நோட்டோடு எழுந்தேன். பாய் நோட்டை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டார். “வேணாங்க. கம்ப்யூட்டர் சொன்னதாவே இருக்கட்டும். நான் சொன்னதுன்னு தெரிஞ்சா மறுபடி ஆரம்பிச்சுடுவாங்க.” இத்தனை வருடம் ஒரு மனிதர் நியாயமாக நடந்திருக்கிறார். அதை அவர் பெயரில் சொன்னால் செல்லாது, நாங்கள் மாட்டிய பெட்டி சொன்னால் செல்லும். எனக்கு ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் அவர் கேட்டபடியே விட்டேன்.

வியாழன் மத்தியானம் மழை வந்தது. எல்லோரும் தப்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை வீணான அரை நாளில் அறுத்திருக்கக்கூடிய சில வயல்கள் சாய்ந்தன. அந்த அரை நாள் என் கணக்கு. சேகரின் வயல் புதன்கிழமையே முடிந்திருந்தது.

திரும்பும்போது அவசரமில்லை என்றால் மூணாறு தலைப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெண்ணாறு அங்கே மூன்றாகப் பிரிகிறது. தண்ணீரை எந்தப் பக்கம் எவ்வளவு விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்கலாம். நீடாமங்கலத்தில் தங்க நல்ல இடம் அபூர்வம். பதினான்கு கிலோமீட்டரில் மன்னார்குடி, அறை அறுநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. ஆட்டோக்காரர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை விஷயமாகப் போகிறவர்களுக்கு என் அறிவுரை இவ்வளவுதான். படிவம் அனுப்பாதீர்கள், போய்ப் பாருங்கள், அதுவும் அந்த வேலை நடக்கிற பருவத்தில். ஒரு ஆள் தன் அதிகாரத்தைத் தானாக முன்வந்து கணினிக்குக் கொடுக்கிறார் என்றால், அவருக்கு என்ன வலி என்று விசாரியுங்கள். எங்களைப் போன்ற வெளி ஆட்களை மென்பொருளுக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பழியை ஏற்றிவிட்டு ரயிலில் அனுப்பிவைக்கவும் ஒரு ஆள் தேவைப்படுகிறது. அதுவும் நம் வேலைதான்.

கிளம்புவதற்கு முன், பட்டியலின் அடியில் ‘புகாருக்கு’ என்று இருந்த இடத்தில் பாயின் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டுவிட்டு வந்தேன்.

அதன் பலன் இந்தத் தை மாதம் வந்தது. நேற்றுக் காலை ஏழரை மணி. நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஷார்ஜாவிலிருந்து சேகரின் தம்பி. “மலர்க்கொடி பேரு எப்படி மேடம் வருஷா வருஷம் மேல வருது?” வழி, வரப்பு, கூடுதல் கட்டம் எல்லாம் விளக்கினேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அவர் நம்பவே இல்லை. “அதெல்லாம் இருக்கட்டும். அந்தம்மாவுக்குப் பின்னாடி யாரோ இருக்காங்க. யாருன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். பேச்சு எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்தது.

“நான்தாங்க” என்றேன். “எனக்கு அவங்க சொந்தம். பெரியம்மா மக.”

“அப்படியா. அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேனே மேடம்” என்று சொல்லி, ரொம்ப மரியாதையாக வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் மலர்க்கொடியின் போன் வந்தது. “என்ன தங்கச்சி, எப்ப ஊருக்கு வர்ற? ஊரே கேக்குது.” நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “சிங்கப்பூர்லேந்து அவரு கூப்பிட்டாரு. எனக்குத் தெரியாம ஒனக்கு ஏதுடி சித்தி பொண்ணுன்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க அக்கா?”

“கம்ப்யூட்டர்ல வந்தவதான்னு சொன்னேன்.”

அவர் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் சிரித்தாராம். அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினாராம்.